போக்கர் மேசையில் யார் ஆடத் தெரிந்தவர்? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போக்கர் விதிகளைப் படித்து முடித்துவிட்டீர்கள், எந்தச் சீட்டு எதை வெல்லும் என்பது மனப்பாடம், இப்போது நேரில் ஒரு மேசையில் உட்காரப் போகிறீர்கள். அங்கே உங்களைத் தவிர எட்டுப் பேர் இருப்பார்கள். அவர்களில் யார் நன்றாக ஆடுகிறவர், யார் பொழுதைக் கழிக்க வந்தவர் என்பதை முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஓரளவு கண்டுகொண்டால், உங்களுக்கு வரும் அதே சீட்டுகளை வைத்தே கூடுதலாக ஜெயிக்கலாம், வீணாகப் போவதையும் மிச்சப்படுத்தலாம். கண்டுகொள்ளாவிட்டால், எதற்கும் ஃபோல்ட் செய்யாத (சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்காத) ஆளிடம் ப்ளஃப் அடித்துக்கொண்டும் (நல்ல சீட்டு இருப்பதுபோல் பணம் போட்டு மிரட்டிக்கொண்டும்), பெரிய சீட்டு இல்லாமல் ரெய்ஸே செய்யாத (தொகையைக் கூட்டாத) ஆளின் ரெய்ஸுக்கு கால் செய்துகொண்டும் (அதே தொகையைப் போட்டு ஈடுகொடுத்துக்கொண்டும்) உட்கார்ந்திருப்பீர்கள்.

நோ-லிமிட் டெக்சாஸ் ஹோல்டம் ஆட்டத்தை, அதிலும் பணம் வைத்து ஆடும் சாதாரண ஒன்பது பேர் மேசையை மனதில் வைத்து எழுதுகிறேன். இதில் ஒவ்வொருவருக்கும் கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து: முதலில் சேர்ந்து விழும் மூன்று ஃப்ளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். எதிராளியின் முகத்தைப் பார்த்து அவர் கையில் என்ன சீட்டு என்று கண்டுபிடிப்பது இங்கே பேச்சு இல்லை, அது இதைவிடக் கடினமான வேலை. சீட்டு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் ஆளின் பழக்கம் அன்று இரவு முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால்தான் ஆளின் தரத்தை முதலில் படிக்கப் பழகுங்கள் என்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான். மேசையில் பழகியிருப்பது ஒன்று, நன்றாக ஆடுவது இன்னொன்று. பல வருடங்களாக வாரா வாரம் வந்து தோற்றுப்போகிற ஒருவரின் விரல்களும் சிப்ஸை (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லைகளை) அழகாகவே கலைக்கும், சீட்டுப் போடும் டீலரை அவருக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும், எல்லா விதியும் தெரியும். அதெல்லாம் அவர் எவ்வளவு காலம் ஆடுகிறார் என்பதைத்தான் சொல்கிறது. கீழே சொல்லும் ஒவ்வொரு அடையாளத்தையும் பார்க்கும்போது, இது பழக்கத்தைக் காட்டுகிறதா, யோசனையைக் காட்டுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: உட்காரும் முன் பாருங்கள்

இடம் கிடைக்கக் காத்திருக்கும் நேரத்தை போனில் கழிக்காதீர்கள். தள்ளி நின்று நாலைந்து ஆட்டம் பார்த்தாலே மேசையின் குணம் பிடிபடும். ஃப்ளாப்புக்கு ஐந்தாறு பேர் போகிறார்களா, இரண்டு பேர்தான் போகிறார்களா? ரிவருக்குப் பிறகு ஷோடவுன்வரை, அதாவது மிஞ்சியவர்கள் சீட்டைத் திறந்து காட்டும்வரை, அடிக்கடி போகிறதா? நிறையப் பேர் ஃப்ளாப் பார்த்து, சின்னச் சின்ன பெட்டுக்கு (பந்தயத் தொகைக்கு) எல்லோரும் கால் செய்து, பேச்சும் சிரிப்புமாக இருந்தால் அது எளிய மேசை. ஒருவர் ரெய்ஸ் செய்ததும் மற்றவர்கள் மளமளவென்று ஃபோல்ட் செய்து, அமைதியாக அடுத்த ஆட்டம் தொடங்கினால் அங்கே விவரம் தெரிந்தவர்கள் அதிகம்.

ஒவ்வொருவர் முன்னாலும் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பல இடங்களில் ஒருவர் அதிகபட்சம் கொண்டு உட்காரக்கூடிய தொகை பெரிய பிளைண்டைப் போல 100 மடங்கு (பிளைண்ட் என்பது ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு பேர் முன்கூட்டியே கட்டாயமாக வைக்கும் தொகை, அதில் ஒன்று சிறியது, ஒன்று பெரியது). நன்றாக ஆடுகிறவர் பெரும்பாலும் அந்த அளவுக்கு வாங்கித்தான் உட்காருவார், குறைந்தால் உடனே நிரப்பிக்கொள்வார், ஏனென்றால் நல்ல சீட்டு வரும்போது எதிராளியிடம் இருப்பது முழுவதையும் எடுக்கத் தன்னிடமும் அந்த அளவு இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். 37 பிளைண்ட், 52 பிளைண்ட் என்று ஏதோ ஒரு தொகையோடு நிரப்பாமலே ஆடிக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் அதைப் பற்றி யோசித்திருக்க மாட்டார். விதிவிலக்கு உண்டு. வேண்டுமென்றே குறைவான தொகையோடு வந்து, ஒன்று ஆல்-இன் (இருப்பது முழுவதையும் போடுவது), இல்லையென்றால் ஃபோல்ட் என்று கணக்காக ஆடும் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களை இரண்டு சுற்றில் அடையாளம் கண்டுவிடலாம், ஏனென்றால் நடுவில் வெறும் கால் என்பதே அவர்களிடம் கிடையாது.

இரண்டாம் படி: தோற்றத்துக்குக் கொஞ்சம்தான் மதிப்பு

தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பெரிய ஹெட்போன், தலையை மூடிய ஹூடி என்று ஒருவர் வந்து உட்கார்ந்தால் புதியவர்களுக்குக் கொஞ்சம் உதறும். பயப்பட வேண்டாம். அந்த வேஷம் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அப்படி வருகிறவர் ஆட்டத்தைப் பற்றிப் பார்த்தோ படித்தோ இருக்கிறார் என்பதுவரைதான் அதிலிருந்து சொல்ல முடியும். காதை அடைத்துக்கொண்டு போனில் படம் பார்ப்பவர் என்றால், மேசையில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையே அவர் பார்க்கவில்லை, அது உங்களுக்கு நல்ல சேதி.

வயது, பால், உடை இவற்றைப் பார்த்து எடைபோடும் பழக்கம் போக்கரில் மிகப் பரவலாக இருக்கிறது: வயதானவர் என்றால் சீட்டு வந்தால்தான் பணம் போடுவார், இளைஞன் என்றால் கண்டபடி ரெய்ஸ் செய்வான், பெண் என்றால் ப்ளஃப் செய்ய மாட்டாள். இதை நம்பியவர்கள் எவ்வளவு இழந்திருப்பார்கள் என்பதற்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். உலகத் தொடர் (World Series of Poker) என்பது போக்கரின் மிகப் புகழ்பெற்ற போட்டித் தொடர், 2007-ல் லண்டனில் முதன்முதலாக நடந்த அதன் ஐரோப்பியத் தொடரின் முதன்மைப் போட்டியை ஜெயித்தது நார்வேயைச் சேர்ந்த அன்னெட் ஓப்ரெஸ்டாட். அவருக்கு 19 வயது நிறைய அப்போது ஒரு நாள் பாக்கி. இன்னொரு பக்கம் டாயில் பிரன்சன், அகலமான கௌபாய் தொப்பி வைத்த பெரியவர், 1976, 1977 என்று அடுத்தடுத்த வருடங்களில் உலகப் பட்டம் வாங்கியவர், அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் மிகப் பெரிய தொகை ஆட்டங்களில் உட்கார்ந்து பயமில்லாமல் ப்ளஃப் அடித்தவர்.

2003 உலகத் தொடரின் கடைசி இருவரையும் நினைத்துப் பாருங்கள். ஒருவர் சாமி ஃபார்ஹா, கோட்டும் வாயில் பற்றவைக்காத சிகரெட்டுமாகத் திரைப்படத்தில் வரும் சூதாடியைப் போலவே இருந்தார். இன்னொருவர் க்ரிஸ் மணிமேக்கர், கணக்காளர், இணையத்தில் சின்னத் தொகைக்குத் தகுதிச் சுற்று ஆடி அங்கே வந்தவர், தொப்பியும் கண்ணாடியும் போட்ட சாதாரண ஆள். படத்தைக் காட்டி யார் தேர்ந்தவர் என்று கேட்டால் எல்லோரும் ஃபார்ஹாவைத்தான் காட்டுவார்கள். அனுபவத்தில் அவர் பெரியவர் என்பதும் உண்மைதான். ஆனால் கையில் ஒரு ஜோடிகூட இல்லாமல் ஆல்-இன் போட்டு, ஜோடி வைத்திருந்த ஃபார்ஹாவை ஃபோல்ட் செய்யவைத்தது மணிமேக்கர். ஒரே ஒரு போட்டியை ஜெயித்தது ஒருவரின் திறமைக்குச் சான்று ஆகாது, அதில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரியது. ஆனாலும் அப்படி ஒரு துணிச்சல் அந்த ஆளுக்குள் இருக்கிறது என்று அவர் சட்டையோ தொப்பியோ யாருக்கும் சொல்லியிருக்காது.

முகம் நம்மைக் குழப்புவதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் எளிமையாக்கப்பட்ட போக்கரை ஆடவிட்டு, எதிராளியின் முகத்தை மட்டும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். முகத்துக்கும் ஆட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. அப்படியும், நம்பிக்கை தரும் முகம் எதிரே வந்தபோது ஆடியவர்கள் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள், அதிகத் தவறும் செய்தார்கள். சிரித்த முகக்காரர் பெட் வைத்தால் ‘இவரிடம் சீட்டு இருக்கும்’ என்று மனம் தானாகவே சொல்லிவிடுகிறது.

அதனால் தோற்றத்தைப் பார்த்து ஒரு தொடக்க ஊகம் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. முதல் சுற்று முடிவதற்குள் அதைத் தூக்கிப்போடத் தயாராக இருங்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் படி: முகத்தை விட்டு, கைகளைப் பாருங்கள்

2013-ல் வந்த இன்னோர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 2009 உலகத் தொடரின் வீடியோவிலிருந்து, தேர்ந்த ஆட்டக்காரர்கள் பெட் வைக்கும் துண்டுகளை எடுத்து, சிலருக்கு முகத்தை மட்டும், சிலருக்குக் கையை மட்டும் காட்டி, சீட்டு எவ்வளவு நல்லது என்று கேட்டார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்களின் ஊகத்தால் பயன் இல்லை. கையின் அசைவை மட்டும் பார்த்தவர்கள் குருட்டு ஊகத்தைவிட நன்றாகச் சொன்னார்கள். அது சீட்டைப் பற்றிய ஆய்வு, திறமையைப் பற்றியது இல்லை. இருந்தாலும் கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்பதற்கு அது உதவும்: எல்லோரும் முகத்தை அடக்கப் பழகுகிறார்கள், கையைப் பற்றி அவ்வளவாக யாரும் யோசிப்பதில்லை.

புத்தம் புதியவர்களைக் கைகளே காட்டிக்கொடுக்கும். யார் முறை என்று தெரியாமல் முன்னதாகவே ஃபோல்ட் செய்வது, பிளைண்ட் வைக்க டீலர் நினைவூட்ட வேண்டியிருப்பது, ‘ரெய்ஸ்’ என்று வாயால் சொல்லாமல் ஒரு பெரிய சிப்பைத் தூக்கிப்போட்டு, அது வெறும் கால் என்று டீலர் சொன்னதும் திகைப்பது, கால் செய்யும் அளவுக்குச் சிப்ஸை முதலில் வைத்துவிட்டு மறுபடி கையைக் கொண்டுபோய் இன்னும் எடுத்து வைப்பது. இவையெல்லாம் அனுபவக் குறைவின் அடையாளங்கள், நிச்சயமானவை. இதே தவறுகளை நீங்களும் செய்யக்கூடும் என்பதால், ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்து கால், ரெய்ஸ், இவ்வளவு என்று சொல்லிவிட்டு வையுங்கள்.

ஃப்ளாப்பில் மூன்றும் ஆர்ட்டினாக வந்ததும் தன் சீட்டைத் தூக்கி மறுபடி பார்ப்பவரையும் கவனியுங்கள். இரண்டும் ஆர்ட்டினாக இருந்தால் அது நினைவில் இருந்திருக்கும், பெரும்பாலும் ஒன்று ஆர்ட்டினா என்றுதான் பார்க்கிறார். நன்றாக ஆடுகிறவர் ஒருமுறை பார்த்துவிட்டு வைத்தால் பிறகு தொடுவது அரிது.

சிப்ஸ் அடுக்கும் விதத்தைப் பற்றி நிறையச் சொல்வார்கள். ஒழுங்காக அடுக்குபவர் நிதானமாக ஆடுவார், குவியலாக வைத்திருப்பவர் தாராளமாகப் போடுவார் என்று. ஓரளவு சரியாக வருகிறது, ஆனால் பந்தயம் கட்டும் அளவுக்கு நம்பாதீர்கள்.

கண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃப்ளாப் விழும் நொடியில் எல்லோரும் நடுவில் விழும் சீட்டைப் பார்ப்பார்கள். அப்போது சீட்டைப் பார்க்காமல் மற்றவர்களைப் பார்க்கும் ஒருவர் இருந்தால் அவரை நினைவில் வையுங்கள், சீட்டு எங்கேயும் ஓடிப்போகாது என்று தெரிந்தவர் அவர். அதைவிட முக்கியம், தான் ஃபோல்ட் செய்துவிட்ட ஆட்டத்தில் அவர் என்ன செய்கிறார் என்பது. போனை எடுப்பவர், எழுந்து போகிறவர், பக்கத்தில் பேசுகிறவர் என்று பலரும் இருப்பார்கள். தனக்குப் பங்கில்லாத பாட்டை (பாட் என்பது நடுவில் சேர்ந்திருக்கும் பணம்) ரிவர்வரை பார்த்து, ஷோடவுனில் திறந்த சீட்டைப் பார்த்துவிட்டு நிமிரும் ஆள் இருந்தால், மேசையில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஆள் அவர்தான். என் கணிப்பில் இந்த ஒரு பழக்கம் தோற்றத்தின் எல்லா அடையாளங்களையும் சேர்த்ததைவிட மேல்.

நான்காம் படி: பணத்தை எப்படிப் போடுகிறார்

இங்கேதான் உண்மையான வேலை. பெட் வைப்பது ஒருவரின் எண்ணத்தை நேராகக் காட்டும் இடம், அதை யாராலும் முழுக்க மறைக்க முடியாது.

முதலில் எண்ணுங்கள். ஒன்பது பேர் மேசையில் நன்றாக ஆடுகிறவர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு ஆட்டத்தில்தான் தன் விருப்பத்தோடு பணம் போடுவார், பிளைண்ட் கட்டாயம் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதாவது இரண்டு சுற்றில், 18 ஆட்டத்தில், மூன்று நான்கு. ஒருவர் ஒன்பது பத்து ஆட்டத்தில் நுழைந்தால் அவர் சீட்டைத் தேர்ந்தெடுப்பதே இல்லை என்று எண்ணலாம். அவசரப்படாதீர்கள், நல்ல சீட்டாகவே அடுத்தடுத்து வரவும் செய்யும். நேரில் ஆடும்போது மணிக்கு 30 ஆட்டம் போனாலே அதிகம், எனவே முதல் மணி நேரத்தின் முடிவில்தான் இந்த எண்ணிக்கைக்கு ஒரு கனம் வரும்.

அடுத்து எப்படி நுழைகிறார் என்று பாருங்கள். யாரும் ரெய்ஸ் செய்யாதபோது பெரிய பிளைண்ட் அளவுக்கு மட்டும் போட்டுவிட்டு ஃப்ளாப் பார்க்க நிற்பதை லிம்ப் என்பார்கள். முதலாவதாக நுழையும்போதே லிம்ப் செய்வதும், பின்னால் யாராவது ரெய்ஸ் செய்தால் அதற்கும் கால் செய்வதும் திரும்பத் திரும்ப நடந்தால், அவர் திறமை குறைந்தவர் என்பதற்கு அதைவிட நம்பகமான ஒற்றை அடையாளம் எனக்குத் தெரிந்து இல்லை. தெரிந்தவர்கள் நுழைந்தால் ரெய்ஸோடு நுழைவார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள்.

அப்புறம் இருக்கை. டீலர் பட்டன் என்னும் அடையாள வில்லை இருக்கும் இடத்தில் உட்கார்ந்தவர் ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியில் முடிவெடுப்பதால், மற்றவர்கள் செய்வதைப் பார்த்துவிட்டு ஆடலாம். பிளைண்டுக்கு அடுத்து முதலாவதாகப் பேச வேண்டியவருக்கு அந்த வசதி இல்லை. ஷோடவுனில் ஒருவர் ராஜாவும் 6-ம், இரண்டும் ஆர்ட்டினாக, காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் ஃபோல்ட் செய்தபின் பட்டனிலிருந்து ரெய்ஸ் செய்து அதைக் காட்டினால் அது இயல்பான ஆட்டம். அதையே முதல் இருக்கையிலிருந்து லிம்ப் செய்து, ரெய்ஸுக்கு கால் செய்து, கடைசிவரை வந்து காட்டினால் அவருக்கு இருக்கையின் மதிப்பு தெரியவில்லை. எனவே ஷோடவுனில் சீட்டைப் பார்த்ததும், இவர் எங்கே உட்கார்ந்திருந்தார், முதலில் என்ன செய்தார் என்று பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். திறந்து காட்டிய ஒரு ஷோடவுன், ஊகமாகச் சேர்த்த இருபது அடையாளங்களுக்குச் சமம்.

பெட்டின் அளவும் அதே போலப் பேசும். தெரிந்தவர் பாட் தொகை எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, அதில் மூன்றில் ஒன்று, பாதி, முழுசு என்று வைப்பார். தெரியாதவர் கைக்கு வந்த சிப்ஸை வைப்பார். பாட் தொகை 100 ஆக இருக்கும்போது நல்ல ஜோடியை வைத்துக்கொண்டு 15 பெட் வைப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். டர்னில் ஃப்ளஷுக்கு (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு சேர்வதற்கு) ஒரு சீட்டு குறைவாக இருக்கும் எதிராளிக்குப் பார்க்காத 46 சீட்டில் 9 உதவும், ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு. 15 போட்டு 115-ஐ வெல்ல அவருக்கு எட்டில் ஒரு வாய்ப்பு இருந்தாலே நஷ்டம் இல்லை. ஆகவே அந்த பெட் எதிராளிக்கு மலிவாக வழிவிடுகிறது. இதையே மறுபக்கம் பாருங்கள்: பாட் அளவுக்கு ஒருவர் ஆல்-இன் வைக்க, அதே ஐந்தில் ஒரு வாய்ப்பை நம்பி இன்னொருவர் கால் செய்தால், அவருக்குத் தேவைப்பட்டது மூன்றில் ஒரு வாய்ப்பு, அவர் கணக்குப் போடவில்லை. ரிவரில் அவருக்கு ஃப்ளஷ் விழுந்து பாட்டை அள்ளிக்கொண்டு போனாலும் அது மோசமான கால்தான். ஜெயித்ததை வைத்து ஆளை எடைபோடக் கூடாது, இதை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் முன்னால் மலைபோல் சிப்ஸ் குவிந்திருப்பவரைப் பார்த்தால் கெட்டிக்காரர் என்றே தோன்றும்.

சீட்டு நன்றாக இருந்தால் பெரிய ரெய்ஸ், சுமாராக இருந்தால் சின்ன ரெய்ஸ் என்று ஒருவர் அளவை மாற்றிக்கொண்டே இருந்தால், அவர் தன் சீட்டைச் சொல்லிக்கொண்டே ஆடுகிறார். எல்லா நல்ல ஆட்டக்காரர்களும் ஒரே நிலைமையில் ஏறக்குறைய ஒரே அளவைப் பிடித்துக்கொள்வதற்கு அதுதான் காரணம்.

யோசிக்கும் நேரம் சின்ன விஷயம். எளிய முடிவுக்கு நொடியில், கடினமான முடிவுக்கு நிதானமாக என்று நேரம் மாறினால் யோசிக்கிற ஆள். எல்லாவற்றுக்கும் ஒரே வேகம் என்றால் ஒன்றும் சொல்ல முடியாது.

ஐந்தாம் படி: வாயும் மனநிலையும்

மேசையில் ஒருவர் மற்றவர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருப்பார், ‘அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு எப்படி கால் செய்தீர்கள்?’ என்று சண்டைக்கும் போவார். இவர் கொஞ்சம் படித்தவர், நடுத்தர ஆட்டக்காரர். மிக நன்றாக ஆடுகிறவர் அப்படிச் செய்வது குறைவு, தவறாக ஆடுகிறவர்கள் தவறாகவே ஆடிக்கொண்டு, மகிழ்ச்சியாக மேசையில் இருக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு வேண்டியது. அதனால் கலகலப்பாகப் பேசி, தோற்றாலும் ‘நல்ல ஆட்டம்’ என்று சொல்லிவிட்டுப் போகும் ஆளைக் குறைத்து எடைபோடாதீர்கள்.

பெரிய பாட்டை இழந்தவரின் அடுத்த மூன்று நான்கு ஆட்டங்களைக் கவனியுங்கள். ஏஸ் ஜோடி 221 ஆட்டத்துக்கு ஒருமுறைதான் வரும், அதையும் ஒருவர் தோற்றுவிட்டால் மனம் எரியத்தான் செய்யும். உடனே எல்லா ஆட்டத்திலும் நுழைந்து பெரிது பெரிதாக ரெய்ஸ் செய்கிறார் என்றால், அந்த அரை மணிக்கு அவர் முன்பு நீங்கள் பார்த்த ஆள் இல்லை. அவரைப் பற்றி வைத்திருந்த கணிப்பையும் அந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

டீலரிடம் இருக்கை மாற்றம் கேட்டு, தாராளமாகப் பணம் போடும் ஆளுக்கு இடது பக்கம் போய் உட்காருகிறவரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் இடப்பக்கமாக நகர்வதால், அங்கே உட்கார்ந்தால் அந்த ஆளுக்குப் பிறகே பெரும்பாலும் முடிவெடுக்கலாம். விவரம் தெரிந்தவர்தான் இதற்காக எழுந்து நடப்பார்.

கண்டுகொண்டதை வைத்து என்ன செய்வது

எதற்கும் கால் செய்கிறவரிடம் ப்ளஃப் அடிக்காதீர்கள், நல்ல சீட்டு வந்தால் வழக்கத்தைவிடப் பெரிதாக பெட் வையுங்கள். மணிக்கணக்காக ஃபோல்ட் செய்துகொண்டிருந்தவர் திடீரென்று ரெய்ஸ் செய்தால், உங்கள் சுமாரான ஜோடியை மனசில்லாவிட்டாலும் விட்டுவிடுங்கள். நன்றாக ஆடுகிறவர் என்று உறுதியானவரோடு சுமாரான சீட்டில் மோதவேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லை, குறிப்பாக அவர் உங்களுக்கு இடப்பக்கம் இருந்தால். மேசையில் பாதிக்கு மேல் அப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்தால் எழுந்து வேறு மேசைக்குப் போங்கள்.

உற்றுப் பார்த்து யாரையும் சங்கடப்படுத்தாதீர்கள், பார்ப்பது தெரியாமல் பார்ப்பதுதான் பயன். பக்கத்தில் இருப்பவர் சீட்டைத் தூக்கும்போது உங்களுக்குத் தெரிகிறது என்றால் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இணையத்தில் ஆடினால் முகமும் இல்லை, கையும் இல்லை. அங்கே மிஞ்சுவது நான்காம் படியில் சொன்னது மட்டுமே, கூடவே ஒருவர் எத்தனை மேசையில் ஒரே நேரத்தில் ஆடுகிறார், சிப்ஸ் குறைந்ததும் 100 பிளைண்டுக்கு நிரப்பிக்கொள்கிறாரா என்பதும் தெரியும். எண்ணிக்கைகளைத் தானாகச் சேர்க்கும் மென்பொருள்களைச் சில தளங்கள் அனுமதிப்பதில்லை, விதியைப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். குறிப்பு எழுதும் வசதி இருந்தால் ‘மோசமான ஆட்டக்காரர்’ என்று எழுதி வைக்காதீர்கள், அதிலிருந்து பின்னால் ஒன்றும் புரியாது. ‘முதல் இருக்கையில் லிம்ப், ரெய்ஸுக்கு கால், ராஜா-6, ரிவர்வரை வந்தார்’ என்று நடந்ததை அப்படியே எழுதுங்கள். சில மாதம் கழித்து அதே பெயர் உங்கள் மேசைக்கு வரும்போது முதல் ஆட்டத்திலிருந்தே அதை வைத்து ஆடலாம்.